28 லட்சத்தின் லேண்டட் காஸ்ட்

2023 ஜூலை மூன்றாம் வாரம். ஒரகடத்திலிருந்து பூந்தமல்லிக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் இருந்தபோது அந்த மெயில் வந்தது. கடிதத்தைத் திறந்து 28,00,000 என்ற எண்ணைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் குவாலிட்டி டிபார்ட்மென்ட் பெண் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பார்க்க யாரும் இல்லை. இருந்தாலும் ஏதோ திருட்டுச் சாமானை வைத்திருப்பது போல இருந்தது.

அப்போது என் சம்பளம் ஆண்டுக்கு 18 லட்சம். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவில் டெபுடி மேனேஜர். வந்திருந்தது ஒரு கன்சல்டிங் நிறுவனத்தின் ஆஃபர். மற்ற தொழிற்சாலைகளுக்குப் போய், அவர்களுடைய கொள்முதல் செலவை எங்கே குறைக்கலாம் என்று சொல்லும் வேலை. ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும்.

இதில் ஒரே ஒரு சிக்கல். எனக்கு அந்த அக்டோபரில் மேனேஜர் பதவி உயர்வு வரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் கம்பெனியில் அதற்கு 'அக்டோபர் லிஸ்ட்' என்று பெயர். அந்தப் பட்டியலில் வந்தால் சம்பளம் 18 சதவீதம்போல ஏறும், 21 லட்சத்துச் சொச்சம் ஆகும். இன்னும் மூன்றே மாதம். போவதா, இருப்பதா?

பர்ச்சேஸில் பதினாலு வருடம் குப்பை கொட்டியவள் நான். ஒரு வெண்டர் கொட்டேஷன் கொடுத்தால் முதல் பக்கத்து விலையை நாங்கள் பார்ப்பதே இல்லை. லாரி வாடகை யார் தலையில், டூலிங் செலவு யார் தலையில், அலுமினியம் விலை ஏறினால் யார் ஏற்பது, ரிஜெக்ட் ஆன பீஸை யார் செலவில் திருப்பி அனுப்புவது என்று எல்லாவற்றையும் கூட்டி, பொருள் நம் ஸ்டோர்ஸ் வாசலில் இறங்கும்போது என்ன விலை ஆகிறது என்று பார்ப்போம். அதுதான் லேண்டட் காஸ்ட். மூன்று வெண்டர் என்றால் மூன்று பத்தியாகப் போட்டு ஒரு கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் தயார் செய்வோம். அது இல்லாமல் ஐம்பதாயிரம் ரூபாய் ஆர்டரில்கூடக் கையெழுத்து வாங்க முடியாது. அப்படிப்பட்டவள், என் சொந்தக் கொட்டேஷன் வந்த அன்று ராத்திரி, முதல் பக்கத்து விலையை மட்டும் பார்த்துவிட்டு மேல்மாடி கட்டுவதைப் பற்றி வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

மறுநாள் ஞாயிறு. பாப்பா வரைந்து முடித்த சார்ட் பேப்பரின் பின்பக்கத்தில் கோடு போட்டு உட்கார்ந்தேன்.

28 லட்சத்தில் 6 லட்சம் வேரியபிள், அதாவது கூடலாம் குறையலாம் என்கிற போனஸ். மீதி 22 லட்சம்தான் ஃபிக்ஸட். அந்த 22 லட்சத்துக்குள்ளேயே கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கு 1,05,600 ரூபாய் இருந்தது. பேசிக்கில் 4.81 சதவீதம் என்று கிராஜுவிட்டியும், அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடையும், அதற்குள்ளேயே. அது ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும், ஆனாலும் இன்றைக்கே சம்பளம் என்று எண்ணிக் காட்டிவிடுகிறார்கள். இதையெல்லாம் கழித்து, என் பக்கத்து பிஎஃப்பையும் புதிய முறையில் வருமான வரியையும் பிடித்தால் மாதம் வங்கிக்கு வருவது ஏறக்குறைய 1 லட்சத்து 36 ஆயிரம். அப்போது எனக்கு வந்துகொண்டிருந்தது 1 லட்சத்து 16 ஆயிரம். பத்து லட்சம் அதிகம் என்று மடியில் மறைத்து வைத்த தொகை, மாதம் 20 ஆயிரமாக வந்து நின்றது.

அடுத்த பத்தியில், அக்டோபர் லிஸ்டில் என் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று போட்டேன். 1 லட்சத்து 32 ஆயிரம். வித்தியாசம் 4 ஆயிரம்!

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 4 ஆயிரத்துக்காக யார் இடம் மாறுவார்கள்? கம்பெனி பஸ் போய்விடும், கேன்டீன் போய்விடும், கிண்டியில் இருக்கும் புதிய ஆபீஸுக்குப் போக வண்டிக்கு பெட்ரோல் போட வேண்டும். மாமியாருக்கான மருத்துவக் காப்பீடும் இருந்தது. பழைய கம்பெனியில் அதற்கு ஒரு ரூபாய் கட்டவில்லை. புதிய இடத்தில் பெற்றோரையோ மாமனார் மாமியாரையோ சேர்க்க ஆண்டுக்கு 38 ஆயிரம் நான் கட்ட வேண்டும். 4 ஆயிரம் அங்கேயே கரைந்துவிட்டது. ஆக, எல்லாம் அந்த 6 லட்சம் வேரியபிளில் வந்து நிற்கிறது என்று புரிந்தது.

கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியர், வேறொரு கன்சல்டிங் நிறுவனத்தில் எட்டு வருடம் இருந்தவர், அன்று மாலை போனில் கிடைத்தார். "அக்கா, டார்கெட் போனஸ்னு போட்டிருக்கான், அப்படியே வருமா?" என்று கேட்டேன்.

"கூட்டல்னு நெனச்சியா? அது பெருக்கல் டி," என்றார்.

அவர் விளக்கியது இதுதான். போனஸுக்கு மூன்று கதவு. நிறுவனம் அந்த வருடம் எப்படிப் போனது, நம் பிரிவு எப்படிப் போனது, நம் ரேட்டிங் என்ன. மூன்றையும் கூட்டி சராசரி எடுப்பதில்லை, ஒன்றோடு ஒன்றைப் பெருக்குகிறார்கள். நிறுவனம் 80 சதவீதம், பிரிவு 80 சதவீதம், நீ 90 சதவீதம் என்றால் கேட்கும்போது மூன்றுமே பரவாயில்லை போலத்தான் இருக்கும். 0.8-ஐ 0.8-ஆல் பெருக்கி, மறுபடி 0.9-ஆல் பெருக்கிப் பார். 0.576. ஆறு லட்சம் மூன்றரை லட்சமாகிவிடும். அதில் 30 சதவீத வரி, அதன் மேல் செஸ், ஆக 31.2 சதவீதம் போய்விடும். உன் ப்ராஜெக்ட்டில் நீ உயிரை விட்டு உழைத்திருந்தாலும் முதல் இரண்டு கதவும் உன் கையில் இல்லை.

அப்புறம் சில கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னார். போனஸ் ஆண்டு எப்போது முடிகிறது, பணம் எப்போது வருகிறது? பணம் வரும் தேதியில் நோட்டீஸ் பீரியடில் இருந்தால் கிடைக்குமா? வருட நடுவில் சேர்ந்தால் நாள் கணக்கா, அல்லது ஒரு தேதிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு ஒன்றுமே கிடையாதா? ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்த நாட்கள் ரேட்டிங்கை இடிக்குமா? கடைசி மூன்று வருடம் என் லெவலில் இருப்பவர்களுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தார்கள்?

இந்தப் பட்டியலைப் படிக்கிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இதைவிட உதவியது வேறெதுவும் இல்லை.

ஆனால் அந்த போனை வைத்த பிறகுதான் நிஜமான விஷயம் உறைத்தது. பெருக்கல் போனஸுக்கு மட்டும்தானா? என் பதவி உயர்வுக்கு எத்தனை கதவு?

சார்ட் பேப்பரில் அதற்கும் ஒரு பத்தி போட்டேன். என் மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும். அவர் செய்வார், பத்துக்கு ஒன்பது. பிளான்ட் ஹெட் ஒத்துக்கொள்ள வேண்டும், பத்துக்கு எட்டு என்று வைத்தேன். அதற்குப் பிறகு தலைமை அலுவலகத்தில் ஒரு கமிட்டி. அவர்கள்தான் பிளான்டுக்கு இத்தனை இடம் என்று தீர்மானிப்பவர்கள். போன வருடம் எங்கள் பிரிவுக்கு ஓர் இடம்கூட வரவில்லை, அதற்கு முந்தின வருடம் ஒன்று வந்தது. பாதிக்குப் பாதி என்றாலே தாராளம். 0.9, 0.8, 0.5. பெருக்கினால் 0.36.

மூன்றில் ஒரு பங்கு! வேரியபிள் என்று கடிதத்தில் அச்சடித்திருந்ததைப் பார்த்துப் பயந்தேன். யாரும் அச்சடிக்காமல் வாயால் மட்டும் சொன்ன வேரியபிளை, வந்த பணம் போல எடுத்து ஃபிக்ஸட் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். வெண்டரின் சேல்ஸ் ஆள் டீ குடித்துக்கொண்டே "பாத்துக்கலாம் மேடம், விலைய குறைச்சிடலாம்" என்றால் அதை நான் ஸ்டேட்மென்டில் எழுதுவேனா? லெட்டர்ஹெட்டில் வரட்டும் என்றுதானே சொல்வேன்.

இந்த எண்கள் எல்லாம் நானே போட்ட குத்துமதிப்பு, அதை மறைக்கவில்லை. 0.5-க்கு பதில் 0.7 என்று போட்டால் விடை மாறும். ஆனால் போட்டுப் பார்த்ததால்தான் மேலதிகாரியிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தது. செவ்வாய்க்கிழமை மீட்டிங் முடிந்து மற்றவர்கள் போன பிறகு நின்றேன். ஆஃபரைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"சார், அக்டோபர் லிஸ்ட் பத்தி ஒண்ணு கேக்கணும்."

"அதான் சொல்லிட்டேனேம்மா. உன் பேரு குடுத்தாச்சு. நீ ஏன் கவலைப்படறே?"

"கவலை இல்ல சார். இந்த வருஷம் நம்ம டிபார்ட்மென்டுக்கு எத்தனை இடம்னு தெரியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது செப்டம்பர்லதான் தெரியும். கமிட்டி சொல்லணும்."

"ஒரு இடம்தான்னா?"

"ஒரு இடம்னா…" என்று இழுத்துவிட்டு, "பாப்போம்மா, என்னால ஆனத பண்றேன்," என்றார்.

அவர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. 2021-லும் இதையே சொன்னார், 2022-லும் சொன்னார், அப்போதும் பொய் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுகிற இடத்தில் அவர் இல்லை, அவ்வளவுதான். இதைக் கேட்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. தினமும் வெண்டர்களிடம் "இதுக்கு அப்ரூவல் யாரு குடுக்கணும்?" என்று கேட்கிற அதே வாய்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கணக்கு ஒருதலையாகிவிடும். போனஸ் ஒவ்வொரு ஏப்ரலிலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பதவி உயர்வு ஒரு முறை வந்துவிட்டால் இறங்காது. அடுத்த வருட இன்க்ரிமென்ட் அந்த உயர்ந்த தொகையின் மேல்தான் ஏறும். 'மேனேஜர்' என்ற பட்டம் அடுத்த இடத்துக்கும் கூடவே வரும். அதனால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றாலும் அதை ஒரு வருடப் பணமாக மட்டும் எடை போடுவது தப்பு. கடிதம் கைக்கு வந்துவிட்டது, அடுத்த மாதம் அமல் என்றிருந்தால் நான் இருந்துவிட்டே யோசித்திருப்பேன். என்னிடம் கடிதம் இல்லை.

நடுவில் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டு வங்கிக்குப் போனோம். மேல்மாடிக்கு டாப்-அப் கடன், அதாவது இருக்கிற கடன் மேல் கூடுதல் கடன், எவ்வளவு கிடைக்கும் என்று கேட்க. புதிய ஆஃபர் கடிதத்தின் நகலை அங்கிருந்த அதிகாரி அம்மாவிடம் காட்டினேன். அவர் ஒரு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி, வேரியபிள் என்ற வரிக்கு வந்ததும் அதன் மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார். "இத எடுத்துக்க மாட்டோம்மா. ரெண்டு வருஷம் ஃபார்ம் 16-ல வந்திருந்தா சராசரி பாத்து பாதி எடுக்கலாம்." அடுத்த வரிக்குப் போய்விட்டார். எனக்கு மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்த 6 லட்சத்துக்கு அவர் செலவழித்தது இரண்டு விநாடி. அன்றிலிருந்து எனக்கு அந்தப் பென்சில் கோடுதான் விதி. மாதத் தவணை, ஸ்கூல் ஃபீஸ், சீட்டு எதுவும் வேரியபிளை நம்பி இல்லை.

பேரம் பேசினேன். எனக்காகப் பேரம் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வெண்டரிடம் பைசா கணக்கில் இழுக்கிற எனக்கு, ஹெச்.ஆர். பெண்ணிடம் பேசும்போது குரல் நடுங்கியது. மொத்தத்தைக் கூட்டிக் கேட்கவில்லை. 28 அப்படியே இருக்கட்டும், வேரியபிளிலிருந்து 2 லட்சத்தை ஃபிக்ஸடுக்கு மாற்றுங்கள் என்றேன். ஒரு லட்சம் மாற்றினார்கள். 23 ஃபிக்ஸட், 5 வேரியபிள். அவர்கள் பட்ஜெட் ஏறாது என்பதால் இது கேட்பதற்கு எளிது, கொடுப்பதற்கும் எளிது. ஜாயினிங் போனஸ் ஒன்றரை லட்சம் கிடைத்தது. ஒரு வருடத்துக்குள் விலகினால் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை. வரி போக ஒரு லட்சம் சொச்சம்தான் கைக்கு வரும், திருப்பித் தரும்போது மட்டும் ஒன்றரை லட்சமா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். மாற்ற முடியவில்லை. தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன், அந்தப் பணத்தை ஒரு வருடம் தொடவில்லை.

"போன வருஷம் எங்க பிரிவுல எண்பது பர்சென்ட் போச்சு மேடம்" என்று அந்தப் பெண் போனில் சொன்னார். மெயிலில் போட முடியுமா என்று கேட்டேன். மெயில் வந்தது. 'வேரியபிள் தொகை நிர்வாகத்தின் முடிவுக்கு உட்பட்டது' என்று ஒற்றை வரி. அதுவும் ஒரு பதில்தான்.

சேரும் தேதியில்தான் நிஜமான பணம் இருந்தது. நான் பழைய கம்பெனியில் சேர்ந்தது 2018 நவம்பர் 12. ஐந்து வருடம் முடிய இன்னும் நாலு மாதம்கூட இல்லை. அப்போதைய கிராஜுவிட்டி கணக்கு எளிது: கடைசி மாத பேசிக்கை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்க வேண்டும். என் பேசிக் 60 ஆயிரம். ஐந்து வருடத்துக்கு 1 லட்சத்து 73 ஆயிரம், அதுவும் வரி இல்லாமல். நாலு வருடமும் ஐந்தாவது வருடத்தில் 240 நாளும் வேலை செய்திருந்தாலே ஐந்து வருடமாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்பே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆனால் எல்லா கம்பெனியும் அதை ஒத்துக்கொண்டு தானாகக் கொடுப்பதில்லை, அதற்காக நான் வழக்கு நடத்தப் போவதும் இல்லை. அதனால் சுதந்திர தினத்துக்கு மறுநாள், ஆகஸ்ட் 16 அன்று ராஜினாமா கொடுத்தேன். 90 நாள் நோட்டீஸ், நவம்பர் 14 அன்று முடிந்தது. புதிய இடத்தில் 60 நாளில் வரச் சொன்னார்கள். நோட்டீஸைக் குறைக்க மாட்டார்கள் என்று சொல்லி நவம்பர் 20 வாங்கினேன். இவ்வளவு தள்ளியதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மாமியாருக்கு ஒரு முழங்கால் ஆபரேஷன் 2021-லேயே பழைய காப்பீட்டில் நடந்திருந்தது. இன்னொன்று பாக்கி. தனியாக பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அப்போது நாலு வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். கம்பெனி குரூப் பாலிசியில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கடைசி வேலை நாளோடு பாலிசியும் போய்விடும். அக்டோபர் முதல் வாரமே இரண்டாவது முழங்காலையும் முடித்தோம். தீபாவளிக்கு அவர் வாக்கர் பிடித்து வாசல் வரை வந்து மத்தாப்பு பார்த்தார்.

ராஜினாமா கொடுத்தபோது மேலதிகாரி ரொம்ப நேரம் பேசவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். சொல்லியிருக்கலாமா? இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. சொன்னால் மிரட்டல் போல ஆகிவிடும் என்று பயந்தேன். சொல்லியிருந்தால் கமிட்டி வரை போய்ச் சண்டை போட்டிருப்பாரோ என்னவோ.

அக்டோபர் லிஸ்ட் வந்தது. எங்கள் பிரிவுக்கு ஓர் இடம். என்னிடம் நாலு வருடம் வேலை கற்றுக்கொண்ட தம்பிக்குக் கிடைத்தது. மைசூர்பாக் டப்பாவோடு வந்து, "மேடம், இது உங்க சீட்டு" என்றான். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். நான் இருந்திருந்தால் எனக்கு வந்திருக்குமா, அல்லது எப்படியும் அவனுக்குத்தானா? அந்தக் கேள்விக்கு விடை எந்த ஃபைலிலும் இல்லை.

இனி நடந்தது. முதல் தப்பு என்னுடையது. வருட நடுவில் மாறினால், பழைய இடத்து வருமானத்தையும் பிடித்த வரியையும் அப்போது ஃபார்ம் 12பி என்ற படிவத்தில் புதிய இடத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. நான் கொடுக்கவில்லை. கடைசி நாள் பரபரப்பு, புதிய இடத்துப் பரபரப்பு. இரண்டு கம்பெனியும் தனித்தனியாக நிலையான கழிவையும் குறைந்த வரி அடுக்குகளையும் எனக்குக் கொடுத்துவிட்டன. மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாக வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. 2024 ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது வட்டியோடு 90 ஆயிரத்துக்கு மேல் கட்டினேன்.

அடுத்த மாதம் போனஸ் வந்தது. டார்கெட் 5 லட்சம். நான் சேர்ந்த நாளிலிருந்து மார்ச் 31 வரை 133 நாள். அந்த நாள் கணக்குக்கு 1 லட்சத்து 82 ஆயிரம். மூன்று கதவையும் பெருக்கி வந்தது 0.6. அப்படியானால் 1 லட்சத்து 9 ஆயிரம். வரி போக 75 ஆயிரம். அந்தக் கடிதத்தை கோயம்புத்தூரில் ஒரு கிளையன்ட் ஃபவுண்டரியில், அச்சு மணல் ஒட்டிய கையோடு படித்தேன். வருத்தம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் தவணையும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. வரி கட்டியதில் ஏற்பட்ட ஓட்டையில் போட்டு அடைத்தோம், அப்படியும் முழுசாக அடையவில்லை. இரண்டாவது வருடம் 3 லட்சத்து 85 ஆயிரம் வந்தது, வரிக்கு முன்னால். நூறு சதவீதம் இதுவரை பார்த்ததில்லை. எங்கள் பிரிவில் பார்த்தவர் ஒருவர் இருக்கிறாராம், நான் சந்தித்ததில்லை.

வேலை? பிடித்திருக்கிறது. எட்டு வாரத்துக்கு ஒரு புதிய தொழிற்சாலை, புதிய ஆட்கள், அதே பழைய திருட்டுத்தனங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பதினாலு வருடம் உட்கார்ந்ததால் வெண்டர் எந்த இடத்தில் லாபத்தை ஒளிப்பான் என்று வாசனையில் தெரியும். வெள்ளிக்கிழமை டைம்ஷீட்தான் பிடிக்கவில்லை. எந்த மணி நேரம் யார் கணக்கில் என்று எழுதுவது. பெஞ்சில் இருந்த மூன்று வாரம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியும் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

சார்ட் பேப்பரில் ரூபாய் போட முடியாத ஒரு வரி இருந்தது. திங்கள் காலை ரயில் ஏறினால் வியாழன் ராத்திரிதான் வீடு. ஆஃபரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கணக்கெல்லாம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பாப்பாவுக்கு யார் தலை பின்றது?" அவள் ஸ்கூலில் இரட்டை ஜடை, மடித்துக் கட்டி ரிப்பன் வைக்க வேண்டும். இல்லையென்றால் டைரியில் எழுதிவிடுவார்கள். ஸ்டேட்மென்டின் கடைசி வரியில் 'ஜடை' என்று எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். நோட்டீஸ் பீரியடில் மாமியார் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல, வீட்டுக்காரர் தினமும் பழகினார். முதல் மாதம் ஒரு ஜடை காதுக்கு மேலே, இன்னொன்று கழுத்தில். திங்கட்கிழமை ரயில் அரக்கோணம் தாண்டும்போது போட்டோ வரும். பாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பாள். இப்போது என்னைவிட இறுக்கமாகப் பின்னுகிறார். நான் வீட்டில் இருக்கும் நாளிலும் அவள் சீப்பை எடுத்துக்கொண்டு அப்பாவிடம்தான் போகிறாள். இதை லாபத்தில் எழுதுவதா, நஷ்டத்தில் எழுதுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

2025 ஆகஸ்டில், போனஸ் கடிதம் கொடுத்த கையோடு எங்கள் கன்சல்டிங் நிறுவனத்தின் பார்ட்னர் சொன்னார்: "அடுத்த ஏப்ரல்ல உங்கள சீனியர் மேனேஜரா கொண்டு வரணும்னு இருக்கேன்."

"தேங்க்ஸ் சார். நம்ம பிரிவுக்கு எத்தனை இடம்? கடைசி கையெழுத்து யாரோடது?"

அவர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார். இரண்டு இடம் என்றார். நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.